திராச்சை வேனும்

‘திராச்சை வேனும்’ என்று கைப்பேசியில் வந்ததைப் படித்ததும் வின்சென்ட்டுக்கு விரல்கள் துறுதுறுத்தன.

திராட்சை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் குமுளி வியாபாரி சசிதரன் போட்ட செய்தி அது. நாளைக்கு ஒரே ஒரு லாரிதான் வரும். முதலில் போன் செய்து விலை பேசுகிறவர் தோட்டத்துக்கு. அனுமந்தன்பட்டியில் வின்சென்ட்டின் பந்தலில் பழம் கறுத்துத் தொங்கியது. ஒரு மழை விழுந்தால் அத்தனையும் வெடித்துவிடும்.

“உடனே கூப்பிடுங்க. மேகமலைப் பக்கம் இருட்டிக்கிட்டு வருது” என்றாள் மனைவி ரீட்டா.

“இரு புள்ள. ரெண்டு வார்த்தையில ரெண்டு தப்பு!”

உற்சாகமாகத் தட்டினார்: ‘திராட்சை, வேணும் என்பதே சரி. ன சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்று மேலே தொடும். ண சொல்ல, நாக்கு மடங்கி அண்ணத்துக்குப் போகும். சொல்லிப் பாருங்கள், தெரியும்!’

சசிதரன் பணிவாகவே பதில் போட்டார்: ‘தப்புதான் சேட்டா. சரக்கு உண்டோ?’

‘உண்டா என்று கேட்க வேண்டும்’ என்றார் வின்சென்ட்.

“உண்டுன்னு சொல்லித் தொலைங்களேன்!” ரீட்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குள் குச்சனூர் சுருளிவேல் என்று ஒருவர் குழுவில் எழுதினார்: ‘அய்யா அருமயா விலக்குரீங்க. ல, ள, ழ மூனும் எனக்கு கொலப்பம்.’

ஒரு வரியில் இத்தனை தப்பா! வின்சென்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைப் படம் வரைந்து, நாக்குக்கு அம்புக்குறி போட்டு அனுப்பினார். உடனே அடுத்த சந்தேகம் வந்தது. அதற்குக் குரல் பதிவு.

“பாத்தியா, கத்துக்கணும்னு இவுகளுக்கு என்ன ஆர்வம்!”

இடையில் ஒருவர், ‘இது பழக் குரூப்பா, பள்ளிகூடமா?’ என்று கேட்டார். வின்சென்ட் அதில் விட்டுப்போன ‘க்’கைப் போட்டுக் கொடுத்தார். குழு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. சசிதரன் வெளியேறினார்.

ரீட்டா போனைப் பிடுங்கிச் சசிதரனைக் கூப்பிட்டாள். அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அதே கதைதான்.

மறுநாள் காலையில், “உங்க சீடரையாச்சும் போய்ப் பாருங்க. நமக்காக அந்த வியாபாரிகிட்ட ஒரு வார்த்த பேசுவாக” என்று கணவரை பைக்கில் ஏற்றி அனுப்பினாள்.

குச்சனூரில் சுருளிவேலின் தோட்டத்து வாசலில் சசிதரனின் லாரி நின்றது. பழப்பெட்டிகள் ஏற்றி முடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வண்டி நெறஞ்சு போயி சேட்டா” என்றார் சசிதரன்.

முதல் தூறல் வின்சென்ட்டின் மூக்கில் விழுந்தது. இருந்தாலும், சீடருக்கு ஒரு கடன் பாக்கி இருந்ததே! வேலியோரம் நின்ற சுருளிவேலின் மகள் கயலிடம் போனார்.

“அப்பா எங்கம்மா? றகரத்துல ஒரு சந்தேகம் கேட்டாக. விளக்கிட்டுப் போயிடுறேன்.”

கயலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“எங்க அப்பாவுக்கா? அவுக ரிட்டையரான தமிழ் வாத்தியாராச்சே மாமா!”