வேலை தேடப் போய் வயலைக் கொடுத்தேன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக உங்களுக்குச் சந்தேகம் வரும்.

நான் நிலவடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தேன். பூங்காவோ சாலையோரமோ, மண்ணும் மரமும் தண்ணீரும் எங்கே இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கும் படிப்பு. (திருவையாற்றுப் பக்கத்தில் எங்கள் ஊரில் இதற்குப் பெயர் 'தோட்டக்காரன் பரீட்சை'.) கடைசி ஆண்டில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேராவிட்டால் பட்டம் கிடையாது. எனக்கு ஒருவரும் இடம் தரவில்லை. அப்போதுதான் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைவாய்ப்புச் சந்தை என்று கேள்விப்பட்டேன். எங்கள் துறைக்காரர்களும் வருகிறார்களாம். அதை விட்டால் வேறு வழியில்லை.

சந்தை மாடியில். வாசலில் அம்புக்குறி போட்டு எழுதியே வைத்திருந்தார்கள். ஆனால் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் என் கால்கள் என்னைக் கேட்பதில்லை. நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டன. அங்கே இலைக்குப் பதில் மேசைமேல் பெரிய வரைபடம். வயல்களுக்கு நடுவே ஒரு சாலை, இருபுறமும் பச்சை. பின்னால் களைத்துப்போன ஓர் அதிகாரி. 'அடடா, நம்ம ஆளுங்க!' என்று போய் நின்றேன்.

ஊரைக் கேட்டார். சொன்னேன்.

“நிலம் இருக்கா?”

(மண் தெரிந்தவனாகத் தேடுகிறார்கள் போலிருக்கிறது.) “அப்பா பேர்ல மூணு ஏக்கர் இருக்குங்க சார்.”

“இந்தத் திட்டத்துல சம்மதமா?”

“முழு சம்மதம் சார்! நாளைக்கே ஆரம்பிக்கலாம்.”

“எவ்வளவு எதிர்பார்க்குறீங்க?”

“அதெல்லாம் நீங்க பார்த்துக் குடுக்கறதுதான். எனக்கு அனுபவம்தான் சார் முக்கியம்.”

காலையிலிருந்து வசவு மட்டுமே வாங்கியிருந்த மனிதர், எழுந்து நின்று கைகொடுத்தார். டீ வரவழைத்தார். பதிவேட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். போட்ட உற்சாகத்தில், “இந்த வயலையெல்லாம் தூக்கிட்டுப் புல்தரை போட்டா அம்சமா இருக்கும் சார்” என்று ஆலோசனையும் சொன்னேன்.

“டேய்!”

திரும்பினால் கூடம் நிறையப் பச்சைத் துண்டுகள். நடுவில் என் அப்பா. காலையில் 'மீட்டிங்' என்று மட்டும் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பியவர். புறவழிச்சாலைக்கு நிலம் எடுப்பதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் அது என்பது அப்போதுதான் விளங்கியது. (எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் சாலை மட்டும் எங்கள் வயல் வழியாகத்தான் போகும்.)

“யாரு வயலடா தூக்குற?”

“வேலைக்குன்னு நெனச்சேம்பா...”

அப்பா மேசையைத் தட்டினார். “நெலம் என் பேர்ல இருக்கு. இவன் கையெழுத்தை அடிங்க சார்.”

“அடிச்சா காரணம் எழுதணுங்க” என்றார் அதிகாரி.

எழுதினேன்: 'வேலை கிடைக்கும் என்று நம்பிக் கையெழுத்திட்டேன்.'

பின்னால் நின்றவர் அதை உரக்கப் படித்துவிட்டார். “பார்த்தீங்களாய்யா! வேலை தர்றேன்னு சொல்லிக் கையெழுத்து வாங்குறாங்க!” அவ்வளவுதான். நாற்காலிகள் கவிழ்ந்தன, கோஷம் கிளம்பியது. “ஐயோ, அவரு அப்படி ஒண்ணும் சொல்லலீங்க” என்று கத்திய என்னையே இருவர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. நான் எந்தக் கட்சி என்று புரியாமல் அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை.

தோளிலிருந்து இறங்கி மாடிக்கு ஓடினேன். சத்தத்துக்குப் பயந்து பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்துப் பெண்மணி, “கீழ என்னங்க கலாட்டா?” என்றார்.

“நான்தாங்க மேடம்.”

முழுவதையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டார். பிறகு என் வரைபடங்களைப் புரட்டி, ஒரு வாய்க்காலைக் காட்டி, “இது எங்க போய் வடியுது?” என்று கேட்டார். அன்று நான் குழப்பமில்லாமல் பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான். பயிற்சிக் கடிதம் அங்கேயே கிடைத்தது. (தபாலில் நான் அனுப்பிய விண்ணப்பங்களைப் பார்த்து ஒருவராவது சிரித்திருப்பாரா? சந்தைக்கு நேரில் போக வேண்டும் என்று, இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.)

சில வருடம் கழித்து என் கல்யாணப் பதிவு. சார்பதிவாளர் பேனாவை நீட்டியதும் அப்பா குறுக்கே கையை வைத்து, மணப்பெண்ணிடம் கேட்டார்:

“ஏம்மா, எதுக்கு வந்திருக்கோம்னு இவன்கிட்ட யாராச்சும் சொன்னீங்களா?”