மாமாவுக்குச் சொன்ன தேங்க்ஸ்

ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், எங்கே பயன்படுத்தலாம், எந்த மொழியிலிருந்து வந்தது என்பதையெல்லாம் அகராதி சொல்லிவிடும். யாரிடம் சொன்னால் உதை விழும் என்பதை மட்டும் சொல்லாது. அதை நான் என் தங்கை கல்யாணத்தில், கையில் மைக்கோடு நின்று கற்றுக்கொண்டேன்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். (படித்தது எம்.ஏ. ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை, பட்டம் கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை.) தினமும் காலையில் மாணவர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு சொல்லைப் போடுவேன், பொருள், பயன்பாடு, பிறந்த கதை. நாளடைவில் வியாதி முற்றி உறவுக்காரர்கள் குழுவிலும் போட ஆரம்பித்தேன். பதிலுக்குக் கைகூப்பும் பொம்மையும் ரோஜாப்பூவும் வரும். நமக்கும் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது என்று நானாக நம்பிக்கொண்டேன்.

தங்கை பெல்சியாவுக்குச் சங்கராபுரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கல்வராயன் மலை மேலே, வெள்ளிமலையில். காலையில் மாதா கோயிலில் பூசையும் தாலிகட்டும். பிறகு மண்டபத்தில் வரவேற்பு, சாப்பாடு. வெளிச்சம் இருக்கும்போதே பெண்ணை வேனில் ஏற்றி மலைக்கு அனுப்பிவிட வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் வளைவுகளில் முன்னால் போகிற வண்டியே கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவு பெரிய கல்யாணத்தில் அண்ணன்காரனான எனக்கென்று இருந்த வேலை நன்றியுரை மட்டும்தான். மற்றதெல்லாம் மாமா பார்த்துக்கொண்டார்.

மாமா என்றால் அம்மாவுக்கு அண்ணன், ஆரோக்கியசாமி. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போடுகிறவர். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் கூரை மாற்றுவதிலிருந்து என்னைக் கல்லூரியில் சேர்த்தது வரை அவர்தான். மண்டபம் பிடித்தது அவர், சமையலுக்குச் சொன்னது அவர், தாய்மாமன் சீரை மேளமும் வெடியுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு கொண்டுவந்தது அவர். கடைசியில் பெண்ணைக் கைபிடித்து வண்டியேற்றி அனுப்ப வேண்டியவரும் அவர்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கை கொடுக்காமல் பெண் வாசல் தாண்ட மாட்டாள்.

எனக்கோ நன்றியுரை பயத்தில் காலையில் இட்லி இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் இரண்டு வாத்தியார்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சும்மா 'வந்தவர்களுக்கு நன்றி' என்று சொல்லிவிட்டு இறங்கினால் எம்.ஏ.வின் மானம் என்னாவது? அதனால் 'தேங்க்' என்ற சொல்லின் வரலாற்றையே தயார் செய்து வைத்திருந்தேன். போதாக்குறைக்குச் சால்வைகளும் வாங்கியிருந்தேன்.

மேடையேறினேன். வாடகைக் கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. "தேங்க் என்ற சொல்லும் திங்க் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை" என்று ஆரம்பித்தேன். முதலில் அதற்கு நினைப்பு என்றுதான் பொருள், பிறகு நல்ல நினைப்பு என்று ஆகி, அதிலிருந்து நன்றி ஆனது என்றேன். ஜெர்மன்காரனும் டச்சுக்காரனும் சொல்வது இதே வேரிலிருந்து வந்ததுதான் என்றேன். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பார்த்தார்கள். ஒரு வாத்தியார் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலில் என் பயம் போய்விட்டது. போயிருக்கக் கூடாது.

சமையல்காரரைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தி "தேங்க் யூ" என்றேன். மைக்செட்காரரைக் கூப்பிட்டுப் போர்த்தினேன். அவர் நெகிழ்ந்துபோய் என் கையை விடவே இல்லை. அடுத்து ஜெனரேட்டர்காரர். அதற்கடுத்து, முழு மண்டபத்துக்கும் கேட்கும்படி, "நமது விழாவுக்குப் பேராதரவு தந்து சிறப்பாக ஒத்துழைத்த திரு. ஆரோக்கியசாமி அவர்கள்" என்றேன்.

மாமா பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். வாளியை இறக்கி வைத்துவிட்டு மேடைக்கு வந்தார். போர்த்தினேன். "தேங்க் யூ, மாமா" என்றேன். (பலரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான் தட்டினார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.) மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இறங்கி நேராக வாசலுக்குப் போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அம்மா மேடைக்கு ஓடிவந்தார். "இன்னாடா பண்ணி வச்ச? ஜெனரேட்டர்காரனுக்குப் போட்ட சால்வைய எங்கண்ணனுக்குப் போடுறியே!"

"மரியாதைதானேம்மா செஞ்சேன்?"

"மரியாதையா? இனிமே உனக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்லன்னு கணக்கு முடிச்சி அனுப்பிட்டியேடா. கையக்கூட நனைக்காம போறாரு பாரு!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டுச் சொம்பை நீட்டுவோம். சோறு போட்டால் குழம்பில் உப்பு கம்மி என்போம். நன்றியெல்லாம் பஸ்ஸில் இடம் கொடுக்கிற ஆளுக்கு. இது தெரியாமலா நான் அந்த வீட்டில் வளர்ந்தேன்?

பெல்சியா கல்யாணப் புடவையோடு வேன் பக்கத்தில் நின்றுவிட்டாள். "மாமா வராம நான் ஏற மாட்டேன்." மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். வேன் டிரைவர் மலைப் பக்கம் கையைக் காட்டினார். "இருட்டிக்கினு வருதுங்க. இன்னும் லேட்டானா நான் வண்டிய எடுக்க மாட்டேன்." நான் பார்த்தேன். மலையின் தலையில் பாதியைக் காணோம்.

தங்கை மாமியார் வீட்டுக்குப் போகாமல் மண்டபத்திலேயே தங்கிவிடுவாளோ, இன்றைக்கு ஊர் வாயில் விழுந்த பேச்சு அவள் காலத்துக்கும் தொடருமோ என்று பயந்தேன். போட்டோகிராபரின் ஸ்கூட்டரைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. கோட்டும் டையுமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனவனைப் பார்த்து ஒரு டிராக்டர்காரர், "இன்னா சார், மாப்ள ஓடிப்போறீங்களா?" என்று கேட்டார். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் அம்மா அழுவார் என்று எடுக்கவில்லை.

டிராக்டர் நெரிசலில் மாட்டிக்கொண்ட மாமா ஓரமாக ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பசி. டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். என் சால்வையால் வண்டி சீட்டைத் துடைத்திருந்தார் என்பது சால்வையைப் பார்த்தாலே தெரிந்தது.

"மாமா, வாங்க மாமா. பெல்சியா நின்னுக்கினே இருக்கா."

"நான் எதுக்குங்க? அதான் நல்லா ஒத்துழைச்சிட்டேனே. எனக்குச் சேர வேண்டியதும் சேந்துடுச்சி."

மாமா என்னை 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"அந்தச் சொல்லுக்கு நல்ல அர்த்தம்தான் மாமா. நினைப்புன்னு அர்த்தம். பழைய காலத்துல..."

"வாட்ஸப்புல போடுங்க, படிச்சிக்கிறேன்."

"சாரி மாமா."

"இது வேறயா? இன்னும் எத்தினி வார்த்தைங்க வச்சிக்கினு இருக்கீங்க?" டீக்கடைக்காரரிடம் திரும்பி, "சாருக்கு ஒரு டீ குடுப்பா. வெளியூர்லேந்து வந்திருக்காரு" என்றார்.

கெஞ்சினேன். கையைப் பிடித்தேன். உதறினார். போன் அடித்தது. மலைப் பக்கம் இடி இடித்தது. எனக்குள் எதுவோ அறுந்துபோயிற்று. நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் கத்த ஆரம்பித்தேன்.

"யோவ் மாமா! உனக்கு அறிவிருக்கா? அங்க உன் மருமவ அழுதுக்கினு நிக்கிறா, நீ இங்க பன்னு துன்னுக்கினு உக்காந்திருக்க! எடுத்த வேலைய பாதில போட்டுட்டு வந்துட்டியே, அத யாரு உங்கப்பனா வந்து முடிப்பான்? எழுந்து வாய்யா!"

என் வாழ்க்கையில் மாமாவை அப்படிப் பேசியதில்லை. முடிந்தது கதை, இனி கல்யாணமும் இல்லை, உறவும் இல்லை என்று நினைத்தேன். மாமா பன்னைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். என் பின்னந்தலையில் ஒன்று விட்டார், டை முதுகுப் பக்கம் போய்விட்டது.

"செத்துப்போன எங்கப்பன இழுக்கிறியாடா, பரதேசி? வண்டிய எடுறா!"

'டா' போட்டுவிட்டார்! அடி வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவன் அந்த ரோட்டில் அதுவரை இருந்திருக்க மாட்டான்.

மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் வேனை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். மாமா யாரையும் பார்க்கவில்லை. பெல்சியாவின் கையைப் பிடித்தார், அவள் நெற்றியில் சிலுவை போட்டார், ஏற்றிவிட்டார். அவள் அழ, அவர் அழ, அம்மாவும் அழுதார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்ட அந்த நேரம் பார்த்து, நன்றிப் பெருக்கில் இருந்த மைக்செட்காரர், "மணமகளை வழியனுப்பி வைத்த தாய்மாமன் அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் சத்தியமாக இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன். முதலில் சிரித்தது வேனுக்குள் இருந்த பெல்சியாதான்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் தேங்க்ஸ் ஒரு வசவு. காயப்போட்ட நெல்லை ஆடு தின்றால் அத்தை, "உனக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்று கம்பை எடுப்பார். அண்ணன் தம்பிக்குள் தகராறு முற்றினால் "மரியாதையா போயிடு, தேங்க்ஸ் சொல்லிடுவேன்" என்பார்கள். என் பெண்டாட்டி கல்யாணமான புதிதில் அம்மா நீட்டிய காபியை வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொல்லிவிட, அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுக்கு எம்மேல இன்னாடா கோவம்?" என்று கவலையோடு கேட்டார்.

போன வருஷம் மாமாவுக்குக் கண் ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். வீட்டுக்கு அனுப்புகிற அன்று கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, நர்ஸம்மாவுக்குத் தேங்க்ஸ் என்றார். வார்டு துடைக்கிற அம்மாவுக்குத் தேங்க்ஸ். பக்கத்துக் கட்டில்காரருக்கும் தேங்க்ஸ். நான் மருந்து வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். எனக்கும் சொல்லிவிடுவாரோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன்.

"எவ்ளோ நேரம்டா? எங்க போய்த் தொலைஞ்ச?" என்றார். "செருப்ப எடுத்துப் போடு."

எடுத்துப் போட்டேன்.