குழாய் ஸ்பீக்கரில் என் பத்து ஆல்பங்கள்

ஒரு கட்டைவிரலைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

போன வருஷம் கார்த்திகை மாதம். கொட்டகலையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அந்த வருஷம் வந்த ஆல்பங்களில் எது எனக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது, பிடிக்காது என்று சொல்பவர்களுக்கு ஏன் காது இல்லை என்றெல்லாம் விளக்கி ரேவதிக்கு ஒரு நீண்ட குரல்பதிவு அனுப்பியிருந்தேன். (நீண்ட என்றால், நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்ந்த நீளம்.) போனைப் பைக்குள் போடுவதற்குள் பதில் வந்துவிட்டது. மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல்.

பதிவை ஓடவிட்டிருந்தால் அவள் அப்போதுதான் "ஹலோ ரேவதி" என்ற இடத்துக்கு வந்திருப்பாள்.

ரேவதி எங்கள் லயத்துக்காரி; தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே வரிசை. பள்ளிக்கூட நாட்களில் பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பங்கு போட்டுக்கொண்டுதான் போவோம். டிசம்பர் வந்தால் அந்த வருஷத்தின் சிறந்த பத்து ஆல்பங்கள் எவை என்று சண்டை நடக்கும். எட்டாம் இடத்துக்காக அவள் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறாள். இப்போது கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். எல்லோருமே போய்விட்டார்கள். பட்டத்தை முடித்துவிட்டு அரசாங்க வேலை நியமனத்துக்காகக் காத்திருந்த எனக்கு, பழைய சகபாடி என்று தோட்டத்தில் மிஞ்சியது பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவின் ஆடு மட்டும்தான். (ஆடு எங்களோடு படிக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூட வேலிக்குள் என்னைவிட அதிக நேரம் இருந்தது.)

பஸ் வரவில்லை, மூடுபனி வந்தது. எதிர்க்கடை மறைந்தது, ரோடு மறைந்தது, பிறகு என் செருப்பும் மறைந்தது. அந்த வெள்ளைக்குள் நின்றபோதுதான் மூளையில் பளிச்சென்றது. கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன? வானொலி அறிவிப்பாளர்கள் எல்லாம் ஆளைப் பார்த்தா பேசுகிறார்கள்? நானே ஒரு நிகழ்ச்சி செய்வேன். ஆண்டின் சிறந்த பத்து. அறிவிப்பாளரும் நானே. சிறப்பு விருந்தினரும் நானே.

விருந்தினருக்கு 'இசை விமர்சகர் திருவாளர் ஞானக்கடல்' என்று பெயர் வைத்தேன். தடிமன் பிடித்து மூக்கடைத்த கிழவர் மாதிரி ஒரு குரல் கொடுத்தேன். இந்த இடத்தில் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். என் தோட்டம் முழுக்கச் சிரித்தாகிவிட்டது.

பதிவு செய்ய இடம்தான் பிரச்சினை. லயத்தில் ஒரு வீட்டுக் காம்பிராவுக்கும் அடுத்த வீட்டுக் காம்பிராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. எங்கள் வீட்டில் முட்டைக்கோஸுக்குக் கடுகு தாளித்தால் பக்கத்துக் காம்பிராவில் பார்வதி அக்கா தும்முவார். தும்மி முடித்து, "என்னாடி, இன்னிக்கும் கோவா பெரட்டலா?" என்று சுவருக்கு மேலாகக் கேட்பார். அங்கே உட்கார்ந்து ஞானக்கடல் குரலில் பேசினால் அன்று மாலையே எனக்கு மந்திரிக்கப் பூசாரியைக் கூட்டி வந்துவிடுவார்கள்.

ஆகவே கோயில் மேட்டைத் தேர்ந்தெடுத்தேன். பகலில் அம்மாவும் மற்றப் பெண்களும் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விடுவார்கள். அப்பா ஸ்டோரில், தேயிலை அரைக்கும் இடத்தில், வேலையாக இருப்பார். கோயிலுக்குப் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஈ காக்காய் இருக்காது. அதோடு எங்கள் தோட்டத்தில் போனுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமும் அதுதான். (சாமி இருக்கும் இடத்தில் டவர் இருக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.) மார்கழி பிறந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி, நடுநடுவே பாட்டுத் துண்டுகளை ஒட்டி, நிகழ்ச்சியை முடித்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கோயிலின் குழாய் ஸ்பீக்கருக்குப் புது அம்ப்ளிபயர் வந்திருந்தது. கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. வயர் இல்லாமல் போனில் இருந்தே பாட்டுப் போடலாம். கோயில் கமிட்டிச் செயலாளர் என் அப்பா. அவருடைய போனில் டோர்ச் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் மார்கழி விடியற்காலைப் பஜனைக்குச் சாமி பாட்டெல்லாம் என் போனில் இருந்துதான் போயின. அதாவது, அந்த அம்ப்ளிபயருக்கு இந்த உலகத்தில் தெரிந்த ஒரே போன் என்னுடையது. தோட்டத்தில் எனக்கு நட்பு என்று ஒன்று இருந்தால் அது அதுதான். எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

சம்பவ தினம் விடியற்காலை பஜனை நடுவில் கரண்ட் போனது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கைத்தாளத்தோடு முடித்துவிட்டு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அப்பா அம்ப்ளிபயர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டார். சுவிட்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. இல்லாத கரண்டை யார் அணைப்பார்கள்?

நடுப்பகலில், கரண்ட் திரும்பி வந்த பிறகு, நான் மேட்டுக்கு ஏறினேன். முடிந்த நிகழ்ச்சியை முதல் தடவையாக முழுசாகக் கேட்கப் போகிறேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாங்கிய, வயர் இல்லாத புது இயர்போனை, ரப்பர் நுனியைத் திருகித் திருகி, மூளை வரைக்கும் ஏற்றினேன். போனில் 'இணைக்கப்பட்டது' என்று வந்தது. எதோடு என்று நான் பார்க்கவில்லை. தாழ்வாரத் தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, பொத்தானை அழுத்தினேன்.

"வணக்கம் நேயர்களே!"

அடேயப்பா! என்ன இயர்போன் அது! என் குரல் வானத்தில் இருந்து வந்தது. எதிர்மலையில் மோதி "நேயர்களே... களே..." என்று திரும்பி வந்தது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இவ்வளவு மலிவாக இப்படி ஒரு சாமானா என்று பூரித்துப்போய், சத்தத்தை முழுசாகக் கூட்டினேன்.

(ஆமாம். கூட்டினேன்.)

பத்தாம் இடம், மீன்பிடித் துறைமுகத்துப் பையன்கள் நாலு பேரின் ராப். ஒன்பதாம் இடம், மட்டக்களப்புப் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் அறையிலேயே பதிந்த ஆறு பாட்டு. "இந்த ஆறாவது பாடல் இருக்கிறதே, அது கண்ணீரின் இலக்கணம்" என்று ஞானக்கடல் தடிமன் குரலில் சொன்னார். ஐந்தாம் இடத்தில் ஒரு சிங்கள இசைக்குழு. மூன்றாம் இடத்தில் நோர்வேக்காரர் ஒருவரின் பியானோ. அதில் ஒரு கட்டை அமுங்கும். பிறகு நீங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். அடுத்த கட்டை அப்போதுதான் அமுங்கும்.

கீழே மலையில் நடந்ததை எல்லாம் பிற்பாடு ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ராப் வந்தபோது கொழுந்துக் கூடையோடு இரண்டு பேர் ஆடினார்களாம். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா குடையை ஊன்றிக்கொண்டு, "யாரு அந்தக் கெழவன்?" என்று கேட்டாராம். பியானோ வந்ததும் பார்வதி அக்கா, "யாரோ பைப்ப சரியா மூடாம வந்துட்டாளுக" என்றாராம். பாண் ரொட்டி விற்கும் முச்சக்கரவண்டிக்கார அண்ணன், தன் வண்டிப் பாட்டை நிறுத்திவிட்டு லயத்து முன்னால் நின்று கேட்டாராம்.

அதெல்லாம் போகட்டும். ஞானக்கடல் என்னைப் புகழ்ந்ததும்கூடப் போகட்டும். ("உம்மைப் போல இசையறிவு கொண்ட பெண்மணியை மலையகம் கண்டதில்லை.") இரண்டாம் இடத்துக்கு முன்னால் ஓர் இடம் இருந்தது. வெட்டி எறிய வேண்டும் என்று நினைத்து, வெட்டாமல் விட்ட இடம். ஞானக்கடல் கேட்கிறார், "இவற்றையெல்லாம் யாரோடு சேர்ந்து கேட்பீர்கள்?" பதிலுக்கு அறிவிப்பாளர் குரல் போய், என் சொந்தக் குரலே வருகிறது.

"யாரோடயும் இல்லங்க. ரேவதி இருந்தா. இப்ப இந்தத் தோட்டத்துல என்கூட ஒரு பாட்டு கேக்க ஒருத்தரும் இல்ல."

"ஒருத்தரும் இல்ல... இல்ல..." என்றது எதிர்மலை.

என் அம்மா அந்த மலையில்தான் நின்றார்.

இரண்டாம் இடம் முடிந்தது. "நேயர்களே, நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்த முதலாம் இடம்..." என்று வந்தபோது யாரோ என் தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தேன். பூசாரி மாமா. தலையில் துண்டு, நெற்றியெல்லாம் வேர்வை. மேடேறி வந்த மூச்சு இரைத்தது. வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. இயர்போனைப் பிடுங்கினேன்.

குரல் நிற்கவில்லை.

காதில் ஒன்றும் இல்லை. வானத்தில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"அம்மாடி," என்றார் பூசாரி மாமா, மெதுவாக. "அம்மனே தூங்கல தாயி. நிப்பாட்டு."

போனை அணைத்தேன். அணைத்த கையோடு அதைப் பள்ளத்தில் எறிந்து, பின்னாலேயே நானும் குதிக்கலாமா என்று பார்த்தேன். பள்ளத்தில் பார்வதி அக்கா வீட்டு ஆடு நின்று என்னையே பார்த்தது. அதுவும் கேட்டிருக்கிறது.

அன்று காம்பிராவுக்குள் போய்ப் போர்வையால் மூடிக்கொண்டவள்தான். வேலை விட்டுப் பெண்கள் லயத்துக்கு வரும் சத்தம் கேட்டது. "வணக்கம் நேயர்களே!" என்று யாரோ கத்த, லயமே சிரித்தது. சுவருக்கு மேலாகப் பார்வதி அக்கா, "ஏய் ஞானக்கடலு! மொத எடம் எதுடி? சொல்லாம நிப்பாட்டிட்டியே, எங்களுக்கு வேல ஓடல!" என்றார். வாசலில் பாண்கார அண்ணன்கூட, "நங்கி, நம்பர் வன் மொக்கத்த?" என்று கேட்டுவிட்டுப் போனார். (சிங்களத்தில் 'தங்கச்சி, முதலாவது எது' என்று அர்த்தம். எந்தப் பாஷையில் கேட்டாலும் வெட்கம் ஒன்றுதான்.) அப்பா வந்தார். "சாமி கொழாயில..." என்று ஆரம்பித்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தார். அவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ரேவதிகூடப் போனில் கூப்பிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, கட்டைவிரல் இல்லாமல், நிஜமான ரேவதி. அவள் அம்மா சொல்லியிருக்கிறார். சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு, "என் பேரையும் சொன்னியாமே" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "இருடி, ஆள் வந்துட்டாங்க" என்று வைத்துவிட்டாள். சேலை பார்க்க வந்தவர்களாக இருக்கும்.

சாப்பாடு முடிந்தது. அம்மா என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். கொழுந்துக் கறை பிடித்த விரலால் என் இயர்போன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அழப் போகிறாரோ என்றும் பயந்தேன்.

"ஏண்டி, ஒம்போதுல எட்டும் அழுமூஞ்சியா இருக்கே. ஆடுற மாதிரி அந்த ஒண்ணே ஒண்ணுதானா?"

"அது பத்தாவது எடம்மா."

"அத மேல தூக்கிப் போடு." பெட்டியை என் மடியில் வைத்தார். "ஒருத்தரும் இல்லன்னு சொன்னியே. நீ என்னைக்கு என்னையக் கேட்ட?"

பட்டம் வாங்கினேன், அம்மாவுக்கும் இரண்டு காது இருக்கிறது என்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

ஒரு இயர்போனை அவர் காதில் வைத்தேன். மற்றதை என் காதில் செருகினேன். முதலாம் இடத்தைப் போட்டேன்.

தூரத்து நாடொன்றில், காட்டோரத்து ஊரில், ஒரு பெண் தகரக் கூரைக்குக் கீழே கிட்டாரோடு உட்கார்ந்து பாடிய ஆல்பம் அது. பதிந்துகொண்டிருக்கும்போதே மழை வந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. மழைக்குள்ளேயே பாடிக்கொண்டு போகிறாள். அவள் மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அந்தக் கூரையை மட்டும் நன்றாகத் தெரியும். ஆளில்லாத பகல்களில் எத்தனை தடவை இதைக் கேட்டிருப்பேன்! அம்மா கண்ணை மூடினார். முகம் இளகியது. ஒரு வருஷமாக நான் ஏங்கியது இதற்குத்தான்.

பாட்டில் மழை தொடங்கியது. அம்மா படாரென்று எழுந்தார்.

"ஐயோ, துணி!"

இயர்போன் காதிலிருந்து தெறித்துப் பறந்தது. "பார்வதி! மழடி! வெறக எடு!" அந்தக் குரலுக்குப் பக்கத்துக் காம்பிரா எழுந்தது, அதற்குப் பக்கத்துக் காம்பிரா எழுந்தது. கண் மூடித் திறப்பதற்குள் லயமே வாசலில் நின்று கொடியில் இருந்த துணியையெல்லாம் உருவிக்கொண்டிருந்தது. வானத்தில் நட்சத்திரம் பளபளவென்று இருந்தது. பார்வதி அக்கா கை நிறைய விறகோடு அண்ணாந்து பார்த்தார். பிறகு என் காதில் இருந்த இயர்போனைப் பார்த்தார்.

"மொத எடமா?"

"ஆமாங்க்கா."

அன்றிலிருந்து எங்கள் லயத்தில் மழை வருது என்று யாரும் சொல்வதில்லை. முதல் துளி தகரத்தில் விழுந்ததும் யாராவது கத்துவார்கள்: "மொத எடம் வந்துருச்சு, துணிய எடுங்க!" அப்பாகூடச் சொல்கிறார். பூசாரி மாமா பூசை நடுவில் ஒரு தடவை சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இதோ மறுபடியும் மார்கழி வரப்போகிறது. நியமனம் இன்னும் வரவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் பார்வதி அக்கா எழுந்து நின்று, போன வருஷத்து முதலாம் இடத்தைத் தோட்டம் இன்னும் கேட்கவில்லை, அது பாக்கி என்று சொல்லியிருக்கிறார். மார்கழிக் கடைசி நாள், பூசை முடிந்த பிறகு, கொஞ்ச நேரம் குழாய் ஸ்பீக்கர் எனக்கு. அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: நோர்வேக்காரர் வரக்கூடாது. ஞானக்கடலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். சிறப்பு விருந்தினர் பார்வதி அக்கா. இப்போதே சுவருக்கு மேலாக "வணக்கம் நேயர்களே" சொல்லிப் பழகுகிறார். அம்மா பத்தாம் இடத்தை மேலே தூக்கச் சொல்லித் தினமும் நச்சரிக்கிறார்.

மறுநாள் பொங்கல். கொழும்புப் பிள்ளைகளில் லீவு கிடைத்தவர்கள் முதல் நாளே வந்து இறங்குவார்கள். ரேவதிக்கு இந்தத் தடவை நீளமாக ஒன்றும் அனுப்பவில்லை. தேதியை மட்டும் சொன்னேன். கட்டைவிரல் வந்தது. வருகிறேன் என்ற கட்டைவிரலா, சரி போ என்ற கட்டைவிரலா என்று அதன் நகம் வரைக்கும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

எதற்கும் இயர்போனில் ஒரு காதைத் துடைத்து வைத்திருக்கிறேன். தொடக்க அறிவிப்பும் தயார்: "நேயர்களே, அடுத்து வருவது பாட்டுக்குள் பெய்யும் மழை. யாரும் ஓட வேண்டாம். துணி கொடியிலேயே கிடக்கட்டும்."