சம்பந்தியம்மாளும் கொச்சைப் பண்டிதரும்

பாஷை கற்றுக்கொள்கிறவர்களில் கொச்சைப் பண்டிதர் என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் எழுத்தில் தொடங்கி, 'இது மேசை, அது நாற்காலி' என்று முட்டி மோதி முன்னேறும்போது, இவர் வாசற்படி ஏறாமல் நேரே அடுப்படிக்குள் குதிப்பார். "புஸ்தகத்துல இருக்கறத எவன் சார் பேசறான்? தெருவுல பேசறதுதான் பாஷை!" என்பார். எந்தத் தெரு என்று கேட்டுவிடாதீர்கள். செல்போனில் பார்த்த தெருதான்.

எங்கள் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் இந்த இனத்தின் சிகரம். நீங்கள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலுள்ள எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். அவரோ, பிரெஞ்சில் ஆளுக்கு 'மெக்', காருக்கு 'பான்யோல்', களைத்துப்போனால் 'க்ரெவே' என்று காதருகே ஓதிக்கொண்டிருப்பார். 'ஆமாம்' என்பதற்குப் பாடப்புத்தகச் சொல்லைச் சொன்னால் அவருக்கு உடம்பு கூசும். 'உவே' என்று இழுக்க வேண்டுமாம். ரொம்ப சம்மதமென்றால் கூடவே 'காரேமான்'. சரி, மணி என்ன என்று பிரெஞ்சில் எப்படிக் கேட்பது? "அதெல்லாம் சின்னப் பசங்க படிக்கறது சார்!"

இப்படிப்பட்டவருக்கு பிரெஞ்சு பேசும் சம்பந்தியே வந்து வாய்த்தால் கேட்க வேண்டுமா? அவர் பையனும் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்ணும் அடுத்த மாதமே கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். பெண்ணின் அம்மா சரி என்று சொல்வதுதான் பாக்கி. அதற்காகவே அந்த அம்மாள் பண்டிதர் வீட்டுக்கு வந்திருந்தார். நாற்காலி இரவல் கொடுத்த உரிமையில் நானும் ஒரு நாற்காலியில் இருந்தேன்.

பண்டிதர் முதல் காரியமாக மொழிபெயர்க்க இருந்த பையனையும் பெண்ணையும் வெளியே அனுப்பினார். "நடுவுல நீங்க எதுக்கு? போய்ப் பழம் வாங்கிட்டு வாங்க. நாங்க பெரியவங்க பேசிக்கறோம்."

அந்த அம்மாள் பேசத் தொடங்கினார். நிதானமாக, நீளமாக, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு பேசினார். பண்டிதர் காலை ஆட்டியபடி, "உவே, உவே" என்றார். அந்த அம்மாள் நிறுத்தி, ஏதோ கேட்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தார்.

பண்டிதரின் மனைவி மெல்ல, "என்னங்க, அந்தம்மா ஏதோ கெஞ்சிக் கேக்கற மாதிரி இருக்கு. பையன் வரட்டுமே" என்றார்.

"நீ சும்மா இரு! எனக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "உவே! காரேமான்!" என்று போட்டாரே ஒரு போடு!

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து இவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பண்டிதர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பழத்தோடு திரும்பிய பையனிடம் அந்த அம்மாள் சந்தோஷமாக விஷயத்தைச் சொன்னார். பையன் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்பா, பொண்ணு படிப்பு முடியட்டும், கல்யாணத்த ஒரு வருஷம் தள்ளி வெச்சுக்கலாமான்னு கேட்டிருக்காங்க. நீங்க தாராளமான்னு சொல்லியிருக்கீங்க!"

பண்டிதர் காலை ஆட்டுவதை நிறுத்தினார்.

"பரவால்லப்பா. புரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அவங்ககிட்ட பேசிக்கறேன்."

ஒரே ஒரு வார்த்தை. அதைத் தமிழில் சொன்னால்கூடப் போதும். பண்டிதர் தொண்டையைச் செருமினார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"புரியாம என்னடா? எல்லாம் யோசிச்சுத்தான் சொன்னேன். படிப்பு முக்கியமில்லையா?"

பெண் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பையன் பழப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். சிரிக்க வந்தவன் சிரிக்காமலே வீடு திரும்பினேன்.

'நல்லவேளை, நமக்கு பிரெஞ்சே தெரியாது' என்று நிம்மதியாக இருக்கிறீர்கள், இல்லையா? ரொம்ப சரி. ஆனால் டாக்டர் விளக்கும்போதும், பாங்கில் கையெழுத்துப் போடச் சொல்லும்போதும், ஆபீஸ் கூட்டத்தில் மேலதிகாரி இங்கிலீஷில் பொரிந்து தள்ளும்போதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருப்பவன் நான்தானே!