ஜன்னல் வழியாக வந்த லேசர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். உன் நலத்துக்காகத் தினமும் கடவுளிடம் கேட்கிறேன். ஒரு மாதமாக உன் பெயர் வரும் இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது, அவர் பொறுத்துக்கொள்வார்.

எல்லாம் நீ உன் மாமாவின் பட்டறையிலிருந்த பழைய வெல்டிங் மெஷினை மாற்றி எடுத்துக்கொண்டு, உன் கம்பெனியிலிருந்து இறக்கிவிட்டுப் போன லேசர் மெஷினால்தான். "அக்கா, பொறி கம்மி, புகை கம்மி, இனிமே மாமாவுக்குக் கண்ணே எரியாது" என்றாய். சரிதான், இப்போது எரிவது என் வயிறு. கதவில் நுழையாமல் பட்டறை ஜன்னல் கம்பிகளை அறுத்து உள்ளே இறக்கினோமே, அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். முதல் வேலையாக ஒரு செம்புக் குழாயைக் கொடுத்தார்கள். செம்பு அந்த ஒளியைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அடித்தது. குழாய் ஒட்டவில்லை, மெஷினின் லென்ஸ்தான் கருகியது; புதிது வாங்கி மாட்டினோம். அடுத்தது பேக்கரிக்காரரின் ஸ்டீல் தண்ணீர்த் தொட்டி. கோடு இழுத்த மாதிரி அத்தனை அழகான தையல். தண்ணீர் ஊற்றினால் நாலு பக்கமும் அழுகிறது. "அண்ணே, நான் கேட்டது தொட்டி. மாவு சலிக்க என்கிட்டயே சல்லடை இருக்கு" என்று அந்த மனுஷன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நானே பூதக்கண்ணாடி வைத்துக் கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டுமாம், நடுவில் இடுக்கு இருந்தால் ஒளி அதன் வழியே போய்விடுமாம். உன் மாமாவிடம் மெதுவாகச் சொன்னேன். "இடுக்கு விட்டாத்தாண்டி வெல்டிங் கம்பி உருகி உள்ள எறங்கும்! முப்பது வருஷமா இத செய்யறேன், அந்தப் பொட்டி எனக்குப் பாடம் நடத்துதா?" என்றார். அதோடு பேச்சு நின்றது. சாப்பிடக் கூப்பிட்டால் தட்டைப் பார்க்கிறார், அது பதில் சொல்லட்டும் என்பதுபோல. நேற்றுதான் வாய் திறந்தார்: "பட்டறைய மூடிடலாம்னு பாக்கறேன்." தம்பி, வேலை இல்லாத அந்தக் கைகளை வீட்டுக்குள் வைத்துப் பார்க்க என்னால் முடியாது. வீட்டுக் கணக்கில் மீதி எழுதும் இடத்தில் இப்போது பெருமூச்சுதான் விடுகிறேன். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் வண்டியோடு வந்து, ஜன்னல் திறந்திருக்கும்போதே மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடு. பழையதைத் திருப்பிக் கொடு.

உன் வீட்டில் சேர்ந்தவை எதுவும் விரிசல் விடாமல் இருக்கக் கடவுள் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மாலைப் பிரார்த்தனை முடித்துக் கடிதத்தை ஒட்ட உட்கார்ந்தால் பட்டறையில் சத்தம். மூடுவதென்றால் ஜன்னலை முதலில் அடைக்க வேண்டுமே என்று நினைத்திருக்கிறார். கையில் இருப்பதோ லேசர் ஒன்றுதான். அதன்மேல் இருந்த கோபத்தில் புதுக் கம்பி வெட்டி, இடுக்கே இல்லாமல் அரத்தால் ராவிப் பொருத்தி, பற்றவைத்துவிட்டார். "ஏய், இங்க வா. நகத்த வச்சு இழுத்துப் பாரு, எங்கயாவது மாட்டுதா?" மாட்டவில்லை. "இடுக்கே இருக்கக் கூடாது, அதான் சூட்சுமம். உனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது!" தெரியாது என்று தலையாட்டிவிட்டேன். அந்த ஒழுகும் தொட்டியைத் திரும்ப வாங்கி வந்து சரியாக ஒட்டித்தரப் பேக்கரிக்குப் போயிருக்கிறார். செம்பு இன்னும் ஒட்டவில்லைதான். ஆனால் மெஷின் இப்போது ஜன்னலுக்கு உள்ளே. வண்டி வேண்டாம், நீ மட்டும் வா. மெஷினைத்தான் எடுப்பேன் என்றால், அந்தக் கம்பியை மறுபடி அறுக்கச் சொல்லி உன் மாமாவிடம் நீயே கேள்.