சேறு நீக்கிய சதுப்பு நிலம்

உலகத்தில் சதுப்பு நிலங்கள் பல உண்டு. ஆனால் சேறு இல்லாத, நாற்றம் இல்லாத, கால் நனையாத சதுப்பு நிலம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை உருவாக்கிய பெருமை கடலோர ஈரநில மேம்பாட்டு அலுவலகத்தின் இயக்குநரையே சேரும். இயற்கை அவசரத்தில் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போன வேலையை, பதினான்கு கூட்டம் போட்டு நிதானமாகத் திருத்தியவர் அவர்.

அந்தப் பதினான்கு கூட்டங்களிலும் கதவோரமாக நின்றுகொண்டிருந்தவர் கொக்கு. சதுப்பு நிலத்தின் வழிகாட்டி. மெலிந்த கால், நீண்ட கழுத்து, மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்கும் பழக்கம். அதனால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. பத்தொன்பது வருஷமாக அவர் தற்காலிக ஊழியர்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நடப்பார். எல்லோருக்கும் முழங்கால்வரை ரப்பர் காலணி. யாரும் சத்தம் போடக்கூடாது. குழந்தைகள் சேற்றில் புதைந்து, அம்மா கைகொடுத்து இழுத்து, காலணி உள்ளேயே தங்கி, வெறுங்காலோடு வெளியே வந்து சிரிப்பார்கள். அதற்குள் நூறடி தூரத்தில் ஒரு நெடுங்கால் உள்ளான் பறவை நண்டைக் கொத்திக்கொண்டு போகும். வந்தவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். இப்படிக் கட்டுப்பாடில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் வெள்ளைக் காலணி போட்ட கனவான் ஒருவர் வந்தார். மறுநாள் புகார் வந்தது. அதற்கு மறுநாள் கூட்டம்.

"சதுப்பு நிலத்துல சேறு இருக்குன்னு தகவல் வந்திருக்கு," என்றார் இயக்குநர், துக்கச் செய்தி வாசிக்கும் குரலில். "எவ்வளவு நாளா இருக்கு?"

பொறியாளர் கோப்பைப் புரட்டினார். "உங்களுக்கு முன்னாடி இருந்தவர் காலத்துலேருந்தே இருக்கு சார்."

"அப்படிச் சொல்லுங்க," என்றார் இயக்குநர். அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

கொக்கு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சார், அந்தச் சேத்துலதான் புழுவும் நத்தையும் இருக்கு. அதைத் தின்னத்தான் பறவைங்க வருது."

"புழு வேற இருக்கா?"

கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிவானது: 'புழுக்கள் இருப்பதும் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.'

உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. குழந்தைகள் விழுந்துவிடக்கூடும் என்று மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். வழுக்கும் என்று நடைபாதைக்கு சிமெண்ட் போட்டார்கள். நடந்து வந்தால் களைப்பாக இருக்கும் என்று, நாணல் இருந்த இடத்தில் ஜல்லி கொட்டி வண்டி நிறுத்துமிடம் அமைத்தார்கள். திட்டத்துக்குக் 'குடும்ப நேய நடை' என்று பெயர் வைக்க மட்டும் மூன்று கூட்டம் தேவைப்பட்டது. பதினோராவது கூட்டத்தில்தான், பறவைகள் 'ஒத்துழைப்பு தரவில்லை' என்பது தெரியவந்தது. ஒன்றுகூட இல்லை. இயக்குநர் அசரவில்லை. புதருக்குப் புதர் ஒலிபெருக்கி வைத்துத் தவளைச் சத்தத்தைப் போட்டார். கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இயக்குநர் வெண்ணெய்ச் செலவை மிச்சப்படுத்தி, கொக்கையே ஃபைபரில் செய்யச் சொல்லி வரிசையாக நட்டுவிட்டார்.

நிஜக் கொக்கு வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. "திறப்பு விழா நல்லபடியா முடியட்டும். உங்க நிரந்தர ஆணையில அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்," என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

வீட்டில் மனைவி அதை இன்னும் தெளிவாகச் சொன்னாள். அவள் துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவள். நிற்பதன் அருமை தெரிந்தவள். "பத்தொன்பது வருஷமா தற்காலிகம். நம்ம கல்யாணத்தைவிட மூணு வருஷம் மூத்தது அது. இந்த ஒரு தடவை மட்டும் வாயை மூடிக்கிட்டு சும்மா நில்லுங்க. நிக்கிறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

கொக்கு நின்றார். மனசு மட்டும் உட்கார இடமில்லாமல் அலைந்தது.

விழாவுக்கு முந்தின நாள் காலை. நிறுத்துமிடத்தில் சுண்ணாம்புக் கோடு போடப் போனவரைப் பார்த்து ஒரு பறவை கத்தியது. ஆள்காட்டி. மனிதர் யார் வந்தாலும் கூச்சல் போட்டு ஊருக்கே காட்டிக்கொடுக்கும் பறவை. தலைக்கு மேலே வட்டமடித்து, காதருகே பாய்ந்து, மறுபடி எழும்பிக் கத்தியது. கொக்கு குனிந்து பார்த்தார். ஜல்லியோடு ஜல்லியாக, அதே நிறத்தில், நான்கு முட்டைகள். மறுநாள் அங்கே அறுபது கார்கள் வரப்போகின்றன.

பொறியாளரிடம் ஓடினார். "சார், வண்டி நிறுத்துற இடத்துல முட்டை இருக்கு."

"அது எதுக்கான இடம்?"

"வண்டிக்கு சார்."

"முட்டை வண்டியா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன, எடுத்துப் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் பொறியாளர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

கொக்கு திரும்பிவந்து வெகுநேரம் நின்றார். நிரந்தர ஆணை கண்ணுக்கு முன்னால் வந்து போனது. மனைவியின் வீங்கிய பாதங்களும் வந்து போயின. பிறகு சாமான் அறைக்குப் போய் நான்கு சிவப்புக் கூம்புகளை எடுத்துவந்தார். முட்டைகளைச் சுற்றி வைத்துக் கயிறு கட்டினார். அட்டை ஒன்றில் எழுதி மாட்டினார்: 'மிக முக்கியப் பிரமுகருக்காக ஒதுக்கப்பட்ட இடம். அருகில் வருதல் கூடாது.'

அந்த நிர்வாகத்தின் மேன்மை அன்றுதான் வெளிப்பட்டது. 'யார் அந்தப் பிரமுகர்?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டால், தனக்குத் தகவல் வரவில்லை என்பது வெளியே தெரிந்துவிடுமே. இயக்குநர் அட்டையைப் படித்தார். முகம் வெளுத்தது. "ஆமாமா, தெரியும்," என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். மதியம் அந்த இடத்துக்கு ஒரு பெரிய குடை வந்தது. மாலையில் காவலுக்கு ஆள் வந்தான். ஆள்காட்டி குடை நிழலில் அமர்ந்து அடைகாத்தது. பிரமுகரின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், அதுவும் பிரமுகருக்கு வேண்டியதாக இருக்கலாம் என்று யாரும் விரட்டவில்லை.

விழா சிறப்பாக நடந்தது. குடும்பம் குடும்பமாக சிமெண்டில் நடந்தார்கள். ஃபைபர் கொக்கோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அரைமணி நேரத்தில் தவளைச் சத்தம் நின்று ஏதோ விளம்பரம் ஓடியது. வீட்டுக்குக் கிளம்பும்போதுதான், ஒரு சிறுமி குடையைக் காட்டி, "அப்பா, அது நிஜம்," என்றாள். எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆள்காட்டி எழும்பி இயக்குநரின் வழுக்கைத் தலையைக் குறிபார்த்து மூன்று தடவை பாய்ந்தது. கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

"நாங்க ஏற்பாடு பண்ணதுதான்," என்றார் இயக்குநர், தலையைத் தடவிக்கொண்டே.

பிரமுகர் மட்டும் வரவில்லை. அவர் வந்துபோனால்தான் விழா முடிந்ததாகக் கணக்கு என்று, நிரந்தர ஆணையும் கையெழுத்தாகாமல் கிடந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த இயக்குநர், மூன்றாவது வாரம் மேலிடத்துக்குத் தொலைபேசியில் நாசூக்காகப் பேசிப்பார்த்தார். அப்படி யாருக்கும் இடம் கேட்கவில்லை என்று பதில் வந்தது. அன்றே விசாரணை.

"அட்டையில இருக்கிறது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"யாருக்கு ஒதுக்குனீங்க?"

"இங்கேயே இருக்கிற ஒரு குடும்பத்துக்கு சார்."

"என்ன பதவி?"

"பதவி எதுவும் இல்ல. பறவை சார்."

இயக்குநர் மூன்று வாரமாக எந்தக் குடைக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டாரோ, அந்தக் குடை அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நிரந்தர ஆணை கிழிபட்டது. மாதக் கடைசியோடு வேலையும் முடிந்தது என்று கடிதம் தரப்பட்டது. குற்றம்: 'சதுப்பு நிலத்தில் உரிய அனுமதியின்றிப் பறவையை அனுமதித்தது.' மாதத்தின் கடைசி நாளில் நிறுத்துமிடத்துக்குத் தார் போடவும் உத்தரவானது.

மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். திட்டுவாள் என்று கொக்கு காத்திருந்தார். அவள், "எத்தனை முட்டை?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு."

"எப்போ பொரியும்?"

"இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு."

தார் லாரி பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. குஞ்சுகள் காலை ஏழு மணிக்கே வெளிவந்துவிட்டன. பஞ்சு உருண்டைக்குக் குச்சிக் கால் முளைத்த மாதிரி நான்கு. ஆள்காட்டிக் குஞ்சு பிறந்த அன்றே நடக்கும். ஆனால் தின்ன ஈரம் வேண்டும். தாய்ப்பறவை சதுப்பு நிலத்தின் பக்கம் இரண்டடி போய், சிமெண்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. பிறகு வாசலை நோக்கி நடந்தது. மோட்டார் இறைத்த தண்ணீர் குழாய் வழியாகப் போய், சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனையில் தேங்கிச் சேறாகிக் கிடந்தது. 'மனை விற்பனைக்கு' என்ற பலகைக்குக் கீழே உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

தாய் முன்னால், நான்கு குஞ்சுகள் நடுவில், தந்தை பின்னால். அவர்களுக்கும் பின்னால் கொக்கு, பூனை நடையில். சாலை விளிம்புக்கு வந்தபோது லாரி சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. கடைக்குப் போகாமல் சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த மனைவி, தூக்கை உயர்த்திப் பிடித்தபடி நடுச்சாலையில் போய் நின்றாள்.

"என்னக்கா?" என்றான் ஓட்டுநர்.

"ஒரு குடும்பம் கடக்குது தம்பி. கொஞ்சம் பொறுங்க."

அவன் எட்டிப் பார்த்தான். எஞ்சினை அணைத்துவிட்டான்.

அன்று மாலை கொக்கு தன் கடைசி வேலையைச் செய்தார். குடும்ப நேய நடையின் அன்றைய அறிக்கையை நிரப்ப வேண்டும். கலந்துகொண்ட குடும்பங்கள்: ஒன்று. உறுப்பினர்கள்: ஆறு. எங்கிருந்து வந்தவர்கள்: இங்கேயே இருந்தவர்கள். சென்ற இடம்: வெளியே. 'நடைக்கான காரணம்' என்ற கேள்விக்கு எதிரே பொழுதுபோக்கு, கல்வி, உடல்நலம் என்று மூன்று விடைகளை அச்சடித்திருந்தார்கள். மூன்றையும் அடித்துவிட்டு, 'நாங்கள்' என்று எழுதினார். அந்த 'நாங்கள்' யார் யார் என்பதற்குக் கீழே முதல் ஆளாகத் தன் பெயரைப் போட்டு, அடுத்த கையெழுத்துக்காக இயக்குநரின் மேசையில் வைத்தார்.

எந்த அறிக்கையையும் படித்து நேரத்தை வீணாக்கும் வழக்கம் இல்லாத அந்த மாமனிதர், 'சரிபார்த்தேன், உண்மை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.