கறிப் பிரிவில் இல்லாத கடிகாரம்

அன்புத் தம்பி வெர்லினுக்கு, அண்ணன் ஆர்லன் ஆசியுடன் எழுதுவது. ஏரி உறைந்ததையும் பனி வாரி என் இடுப்பு பிடித்துக்கொண்டதையும் தவிர, நானும் உன் அண்ணி மார்விஸும் நலம். உங்கள் நலத்தையும், நாயின் கால் தேறியதா என்பதையும் எழுது.

தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பல்கலைக்கழகத்தில் எனக்கொரு வேலை கிடைத்ததே, அது போய்விட்டது. போனதில் வருத்தமில்லை, நான் செய்துவைத்ததுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது. நம்ம ஊர்ப் பலசரக்குக் கடைக்குப் போகிறவர்களுக்குக் கேமரா வைத்த கண்ணாடி ஒன்றை மாட்டிவிடுவார்கள். அது எதிரே இருப்பதைப் படம் பிடிக்கும். கண் போகிற இடத்தில் ஒரு சிவப்பு வட்டம் நகரும். அந்த வீடியோவை நொடிக்கு நொடி நிறுத்தி, வட்டம் பால் மேலா, விலைச் சீட்டு மேலா என்று குறிப்பதுதான் என் வேலை. பேர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் இந்தச் சின்ன ஊரில் தள்ளுவண்டியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தாலே ஆள் தெரியாதா? பதினேழாம் எண் போதகரின் மனைவி திருமதி ஓடெகார்ட் என்பது, வீடியோவில் அவங்க முணுமுணுத்த சர்ச் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. கறிப் பிரிவுக்கு வந்ததும் அந்த அம்மாளின் வட்டம் கறியை விட்டுவிட்டு, கறி வெட்டுகிற பையன் லைலின் புஜத்தில் ஏறி உட்கார்ந்தது. இறங்கவே இல்லை. நான் என்ன பண்ணுவேன்? ஞாயிறுதோறும் சர்ச்சில் அவங்க கையால காப்பி வாங்கிக் குடிக்கிறவன். குறிப்பதற்கென்று கொடுத்த பொருள் பட்டியலில் கடைசியாக இருந்த ‘சுவர்க் கடிகாரம்’ என்று குறித்துவிட்டேன். அங்கே கடிகாரமே கிடையாது. அப்புறம் பார்த்தால் ஊரில் பாதிப் பெண்களுக்கு அதே கதை. நாலு வருஷம் எல்லாருக்கும் கடிகாரம்தான் போட்டேன்.

இப்போ இந்த ஆய்வை நடத்துற பேராசிரியர் பிராட்டன் அம்மா, இந்த வேலையைத் தானாகவே செய்யுற மாதிரி ஒரு கணினி நிரல் எழுதிட்டாங்க. எதை வச்சுப் பழக்கினாங்க? நான் குறிச்சதை வச்சுத்தான். அது சமர்த்துப் பிள்ளையா, லைலோட கையைக் கண்ட இடமெல்லாம் கடிகாரம்னு சொல்லுது. “உங்களுக்கும் அதுக்கும் நூத்துக்குத் தொண்ணூத்தாறு ஒத்துப்போகுது ஆர்லன். உங்களை மாதிரி நேர்மையான ஆள் கிடைச்சது எங்க அதிர்ஷ்டம்”னு அவங்க சொன்னப்ப எனக்குப் புரையேறிடுச்சு. கறிப் பிரிவுல ஜனங்க நேரம் பார்க்கத் தவிக்கிறாங்கன்னு கடைக்கு அறிக்கை போயாச்சு. கடைக்காரர் போன செவ்வாய்க்கிழமை அங்கே நிஜமாவே பெரிய கடிகாரம் ஒண்ணு மாட்டிட்டார். அடுத்த மாசம் பேராசிரியரம்மா இதை மாநாட்டுல வாசிக்கப் போறாங்க. அவங்களோட ஏழு வருஷ உழைப்பு, என் பொய் மேல நிக்குது. யார் மானம் போனாலும் சரி, திங்கட்கிழமை போய் உண்மையைச் சொல்லிடப் போறேன்.

உனக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். அண்ணி கறி போட்டுச் செய்த ஹாட்டிஷ் பதார்த்தத்தில் உன் பங்கு ஃப்ரீசரில் இருக்கிறது.

உன் அண்ணன்,
ஆர்லன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், நிரல் தானாகக் குறித்த புதுப் பட்டியலை, கடைசியாக ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லிப் பேராசிரியர் வீடியோவோடு அனுப்பியிருந்தார். கடிகாரத்தை அதிகம் பார்த்தது அறுபத்திரண்டாம் எண், நாற்பத்தொரு தடவை. வீடியோவைத் திறந்தேன். தள்ளுவண்டியைப் பிடித்திருந்த கையில், கிறிஸ்துமஸுக்கு நான் மார்விஸுக்கு வாங்கிக்கொடுத்த பச்சைக் கையுறை. அவள் கடைக்குப் போனது கடிகாரம் மாட்டுவதற்கு முந்தின வாரம். திங்கட்கிழமை நான் எங்கேயும் போகப்போவதில்லை. நிரல் ரொம்ப நேர்த்தியாக வேலை செய்கிறது. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. இனிமேல் கறி வாங்க நானே போகிறேன்.